முதல் மாரத்தான்: கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் வரும் தவறுகள்

சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. முழு மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். இருபது வாரப் பயிற்சிக்கு ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கியாக வேண்டும். அந்த இருபது வாரத்துக்குள் காலாண்டுத் தேர்வு, கொலு, தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, அரையாண்டுத் தேர்வு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள், கையில் ஒரு தொண்டுக்கான நிதி திரட்டல், கூடவே முதல் மாரத்தான் என்று இறங்குபவர்கள் செய்யும் பெரிய தவறுகளில் பாதி, காலில் வலி வருவதற்கு வெகு முன்பே காலண்டரில் தொடங்கிவிடுகின்றன.

டிசம்பர் நடுவைப் பாருங்கள். பயிற்சியின் மிக நீண்ட ஓட்டமான 30 அல்லது 32 கிலோமீட்டர், போட்டிக்கு மூன்று வாரம் முன்பு விழும். அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான். மழை முற்றாக ஓய்ந்திருக்காது. நிதி திரட்டுபவர்களும் 'இன்னும் மூன்றே வாரம்' என்று அப்போதுதான் விழித்துக்கொண்டு ஐம்பது பேருக்கு செய்தி அனுப்புவார்கள். நான்கும் ஒரே பதினைந்து நாளில் மோதும்போது முதலில் போவது தூக்கம், அடுத்தது முழங்கால்.

நிதி வேலையை முன்னால் தள்ளுவதுதான் இதற்கு வழி. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஞாயிறு ஓட்டம் 10 முதல் 18 கிலோமீட்டருக்குள் இருக்கும், உடம்பில் தெம்பு மிஞ்சும். கேட்க வேண்டியவர்களிடம் அப்போதே கேட்டுவிடுங்கள். இலக்கில் முக்கால்வாசி தீபாவளிக்குள் வந்துவிட வேண்டும். டிசம்பரில் ஒரே ஒரு நினைவூட்டல் போதும்.

தொடங்கும் நாளில் எங்கே நிற்கிறோம் என்பதும் முக்கியம். இருபது வாரத் திட்டம், ஏற்கெனவே வாரம் 20 முதல் 25 கிலோமீட்டர் ஓடி, 10 கிலோமீட்டரைத் திணறாமல் முடிப்பவர்களுக்கானது. அந்த நிலைக்கு வராதவர்கள் இந்த ஆண்டு அரை மாரத்தான் ஓடுங்கள். 21 கிலோமீட்டருக்கும் நன்கொடை தருவார்கள். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தவர்கள் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் இதயப் பரிசோதனைகளை முடித்துவிட்டுத் தொடங்குங்கள். பெண்கள் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுவது நல்லது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் களைப்பை 'பயிற்சி போதவில்லை' என்று நினைத்து இன்னும் அதிகமாக ஓடுபவர்கள் நிறைய. பிரசவமானவர்கள் குறைந்தது மூன்று மாதமாவது ஓட்டத்தைத் தள்ளிவைத்து, மருத்துவர் சரி என்ற பிறகு நடையிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டின் கணக்கு வேறு

திட்டத்தாளில் '28 கி.மீ.' என்று எழுதியிருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு ஏழே முக்கால் நிமிடம் என்றால் மூன்று மணி நாற்பது நிமிடம். ஓடுபவர் மனசில் இருப்பது இந்தக் கணக்கு. வீடு பார்க்கும் கணக்கு இப்படி இருக்கும்: மூன்றேகாலுக்கு அலாரம், நாலேகாலுக்கு ஓட்டம், எட்டு மணிக்கு முடிவு, எட்டரைக்கு வீடு, குளித்துச் சாப்பிட ஒன்பதரை, பிறகு பதினொன்று வரை தூக்கம். ஏறக்குறைய எட்டு மணி நேரம். முந்தின நாள் இரவு ஒன்பதுக்கே படுப்பதையும் சேர்த்தால் ஒரு வார இறுதியின் பெரும்பகுதி போயிற்று. இதைச் சொல்லாமல் 'நாலு மணி நேரம்தானே' என்று கேட்பது நியாயமில்லை. ஐந்தாவது வாரத்தில் சண்டையாகத்தான் முடியும்.

எட்டு மணி நேரம் என்றே சொல்லுங்கள். பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல் போகும் ஞாயிறுகளைக் கூடத்துக் காலண்டரில் வட்டமிடுங்கள். அதே வாரத்தில் கணவருக்கோ மனைவிக்கோ முழுசாக மூன்று மணி நேரம், குழந்தையும் சமையலும் உங்கள் பொறுப்பில், என்று எழுதிவையுங்கள். அம்மாவோ மாமியாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்களைக் கேட்காமலே திட்டம் போடாதீர்கள். அவர்கள் முழங்காலும் வயதானதுதான்.

வாரத்தில் நான்கு நாள் போதும். செவ்வாய் 6 முதல் 8 கிலோமீட்டர், வியாழன் 8 முதல் 10, சனி 5, ஞாயிறு லாங் ரன் எனும் நீண்ட ஓட்டம். உச்ச வாரத்திலும் 50 முதல் 55 கிலோமீட்டர் தாண்ட வேண்டியதில்லை. ஆறு நாள் திட்டத்தை இறக்கிவைத்துக்கொண்டு அதில் பாதியைத் தவறவிடுவதைவிட, நான்கு நாள் திட்டத்தை நிறைவாக முடிப்பவர் நல்ல நிலையில் போட்டிக்கு வருவார். ஒவ்வொரு நாலாவது வாரமும் தூரத்தைக் கால் பங்கு குறையுங்கள். அந்த வாரத்தைக் கல்யாணம், பிறந்தநாள், தீபாவளி விழும் வாரத்தோடு பொருத்திக்கொண்டால் இரண்டும் கெடாது.

சனிக்கிழமை இரவே எல்லாவற்றையும் கூடத்துச் சோபாவில் எடுத்துவையுங்கள்: ஷூவுக்குள் சாக்ஸ், மடித்த டீஷர்ட், வாஸ்லின், சட்டையின் பின்பக்கம் மாட்டும் சிவப்பு விளக்கு, ஓ.ஆர்.எஸ். கரைத்த பாட்டில், இரண்டு வாழைப்பழம், சாவி. மூன்றேகாலுக்கு பீரோவைத் திறந்தால் அந்தக் கீல் சத்தத்திலேயே குழந்தை எழுந்துவிடும். பிறகு தூங்கவைக்க ஒரு மணி நேரம். ஓட்டமும் போச்சு, வீட்டில் இன்னொருவர் தூக்கமும் போச்சு.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் ஓட்டம் தவறினால் விட்டுவிடுங்கள். தவறியதை ஈடுகட்ட ஒரே வாரத்தில் இரண்டு லாங் ரன் போடுவதுதான் முழங்காலிலும் அதற்குக் கீழே முன்பக்க எலும்பிலும் வரும் வலிக்கு நேர்வழி. தவறியது ஒரு வாரத்துக்குள் என்றால், திட்டம் இப்போது எந்த வாரத்தில் இருக்கிறதோ அங்கிருந்தே தொடரலாம். இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் இரண்டு மூன்று வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். உங்களுக்கே காய்ச்சல் என்றால் ஓடவே கூடாது. வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக ஓடுவது இதயத்தசையில் வீக்கத்தை உண்டாக்கலாம். டெங்கு வந்து போனவர்கள் மருத்துவர் அனுமதித்த பிறகே ஷூவைத் தொடுங்கள். இரவில் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்றைய வேக ஓட்டத்தை மெதுவோட்டமாக மாற்றுங்கள்.

வேகம், வியர்வை, உப்பு

புதிதாக ஓடுபவர்கள் எல்லா நாளும் ஒரே வேகத்தில், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில் ஓடுகிறார்கள். மெதுவோட்டத்துக்கு அது அதிகம், வேகப் பயிற்சிக்கு அது குறைவு. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே ஓடுகிறது, சூடு இறங்குவதில்லை. பெங்களூருக்காரர் ஓடும் வேகத்தை இங்கே அப்படியே பிடிக்கப் பார்ப்பது வீண்.

எவ்வளவு குடிப்பது என்பதை ஊகிக்க வேண்டாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஈரத்தைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். இழந்தது முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்டத் தேவையில்லை. ஓடி முடித்து எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

இளநீரை மட்டும் நம்புவது நம் ஊரில் பரவலான தவறு. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். 'கெட்டியாக இருந்தால் தெம்பு' என்று அரை லிட்டரில் கரைத்தால் வயிறு கலக்கும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம், ஓடும்போதே பிழிந்து விழுங்கும் ஜெல் பொட்டலம் ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவே. களைப்பு தெரிந்த பிறகு சாப்பிட்டால் பலன் குறைவு, முதல் 40 நிமிடத்திலேயே தொடங்குங்கள். கடலைமிட்டாயில் கொழுப்பு இருப்பதால் ஓடும்போது மெதுவாகத்தான் செரிக்கும். ஓடி முடித்த பிறகு தாராளமாகச் சாப்பிடுங்கள். போட்டி நாளில் எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதையே நவம்பர் ஞாயிறுகளில் சாப்பிட்டுப் பழகுங்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லையென்றால் நகம் கறுத்து விழும். மழையில் நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். கொளுத்தும் வெயிலில் வைத்தால் பசை விடும். தேங்கிய தண்ணீரில் கால் வைக்கவே கூடாது. கீழே திறந்த சாக்கடையோ அறுந்த மின்கம்பியோ தெரியாது.

வலி நிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வியர்த்து வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தையே பாதிக்கலாம்.

நன்கொடைப் பணம் யார் கணக்கில்?

வசதிக்காகத் தங்கள் ஜிபே எண்ணைக் கொடுத்துப் பணத்தைச் சொந்தக் கணக்கில் வாங்குபவர்கள் அதிகம். நோக்கம் தூய்மையாக இருந்தாலும் சிக்கல் மூன்று. தந்தவர் பெயரில் வரிச்சலுகை ரசீது கிடைக்காது. சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில் வந்தால் அது உங்கள் வருமானமாகக் கருதப்படலாம். யாராவது கணக்குக் கேட்டால் வீட்டுச் செலவோடு கலந்த பாஸ்புக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கும். தொண்டு நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் பணம் போகட்டும். தருபவரின் பெயர், முகவரி, பான் எண்ணை அன்றே வாங்கிக் கொடுங்கள்.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை (80ஜி என்று சொல்வார்கள்) உண்டு என்று விளம்பரம் செய்யும் முன் இரண்டை நினைவில் வையுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர்கள் தர விரும்பினால், அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பதிவில்லாத நிறுவனம் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது.

கேட்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. அபார்ட்மென்ட் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, அலுவலகக் குழு என்று ஒரே செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் கைகூப்பும் எமோஜிகள்தான் வரும். முதல் நன்கொடையை நீங்களே போடுங்கள். பிறகு தனித்தனியாக, பெயர் சொல்லி, தொகை சொல்லிக் கேளுங்கள்: "அண்ணா, ஜனவரியில் 42 கிலோமீட்டர் ஓடுகிறேன். கிலோமீட்டருக்கு 50 ரூபாய் வீதம் 2,100 தர முடியுமா? பணம் நேராக அவர்கள் கணக்குக்குப் போகும், ரசீது உங்கள் பெயருக்கு வரும்." தொகை தெரிந்தால் பதில் சொல்வது அவருக்கும் எளிது. பதிவுக் கட்டணமும் ஷூவும் உங்கள் செலவு என்பதை அதிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் அந்த முதல் செய்தியிலேயே எழுதுங்கள்: அடிபட்டு ஓட முடியாமல் போனாலும் பணம் தொண்டுக்கே போகும், திரும்ப வராது என்று. இது உங்களைக் காக்கும் வரி. ஒன்றரை லட்சம் திரட்டிவிட்டோம், இனி எப்படிப் பின்வாங்குவது என்ற பாரத்தில், எலும்பில் கீறல் விழுந்த காலோடு பலர் தொடக்கக் கோட்டுக்கு வருகிறார்கள். ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் சுரீர் என்று வலிப்பது, ஓடாத நேரத்திலும் வலிப்பது, நொண்டவைப்பது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நன்கொடை தந்த ஒருவரும் உங்கள் கால் முறிவதற்காகத் தரவில்லை. மும்பை, லண்டன் போன்ற பெரிய ஓட்டங்களில் தொண்டு வழியாக பிப் (ஓடுவதற்கான எண் அட்டை) வாங்குபவர்கள், சொன்ன தொகை சேராவிட்டால் மீதி யார் தலையில் என்பதையும் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

கடைசி மூன்று வாரமும் அந்த ஒரு நாளும்

லாங் ரன்னின் உச்சத்துக்குப் பிறகு தூரத்தை வாரா வாரம் இறக்க வேண்டும். உச்ச வாரத்தில் 52 என்றால் அடுத்து 38, பிறகு 28, போட்டி வாரத்தில் போட்டி நீங்கலாக 15. கால் துறுதுறுக்கும். 'ஒரு 25 போட்டுப் பார்க்கலாமா' என்று தோன்றும். போடாதீர்கள். அந்த நேரத்தை அரையாண்டு விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

ஐந்து மணி நேரத்தில் முடிக்க நினைத்தால் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஏழு விநாடி. விடியும் முன் இருட்டில், குளிர்ந்த காற்றில், கூட்டத்தோடு ஓடும்போது ஆறரை கூட லேசாகத் தோன்றும். முதல் 5 கிலோமீட்டரை ஏழு இருபதில் ஓடுங்கள். முன்னால் சேமித்ததாக நினைக்கும் மூன்று நிமிடம், 32-ஆவது கிலோமீட்டருக்கு மேல், வெயில் ஏறிய பிறகு இருபது நிமிடமாகப் பறிபோகும்.

குடும்பத்தைத் தொடக்கத்துக்கு இழுத்துவர வேண்டாம், குழந்தைகள் தூங்கட்டும். முடிவிடத்தில் 'எங்கேயாவது பார்ப்போம்' என்றும் சொல்லாதீர்கள். பெயர் சொல்லி ஓர் இடத்தைக் குறித்துவையுங்கள், போன் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். திரும்பும்போது நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது. மறுநாள் விடுப்பு எழுதிவிடுங்கள், மாடிப்படி இறங்கவே கைப்பிடி தேவைப்படும். பத்து நாளில் பொங்கல். அதற்குள் தந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, எதற்குப் போனது, ரசீது எப்போது வரும் என்று எழுதிவிடுங்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் அலாரம் வைக்க வேண்டாம்.