குட்டி ஈன வைக்கும் முன்னும் விற்ற பின்னும்

சென்ற ஐப்பசியில், ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில், சாலையோரச் சுவரை ஒட்டி ஒரு லாப்ரடார் பெட்டை நாய் நனைந்தபடி உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்தைச் சுற்றி ரோமம் விரல் அகலத்துக்கு அழுந்திக் கிடந்தது. மாதக்கணக்கில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றி அதிக நேரம் ஆகவில்லை என்பதற்கு அந்தத் தடமே சாட்சி. கார் வரும் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கும், வண்டி நிற்காமல் கடந்ததும் மறுபடி உட்காரும். முலைகள் தொங்கிப்போயிருந்ததைப் பார்த்தவுடன், பலமுறை குட்டி போட்டு, இனி போடாது என்ற நிலையில் கொண்டுவந்து விடப்பட்ட நாய் என்பது புரிந்துவிட்டது.

சேலம் கோரிமேட்டில் 18 ஆண்டுகளாக நாய் வளர்த்து வருபவன் என்ற முறையில், குட்டி எடுப்பவர்களுக்கும் வாங்கி வளர்ப்பவர்களுக்கும் சில விஷயங்களை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. ஒரு குட்டி இந்த உலகத்துக்கு வரக் காரணமானவர், அது யார் வீட்டில் வளர்ந்தாலும், கடைசி மூச்சு வரை அதற்குப் பொறுப்பாளி என்பதே என் நிலைப்பாடு. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அதிலிருந்து வருபவைதான்.

இணைசேர்க்கும் முன்

முதலில் எண்ணிக்கையை நினையுங்கள். லாப்ரடார், ராஜபாளையம் போன்ற பெரிய நாய்கள் ஒரே ஈற்றில் எட்டு குட்டிகள் வரை போடுவது சாதாரணம். அந்த எட்டு குட்டிகளுக்கும் எட்டு வீடுகள் எங்கே இருக்கின்றன என்பதற்கு, கடுவனைத் தேடிப் போகும் முன்பே உங்களிடம் பதில் இருக்க வேண்டும். "முதலில் போடட்டும், கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம்" என்று தொடங்குகிறவர்களின் குட்டிகள்தாம் மூன்று மாதம் கழித்து, கேட்ட விலைக்கு, யார் எவர் என்று பாராமல் போய்ச் சேருகின்றன.

விற்பனைக்காகக் குட்டி எடுப்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் சொல்கின்றன. பெட்டைக்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும், அதன் ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பவையும் அதே விதிகளில் உள்ளவை. ஐந்து என்பது உச்ச வரம்பு. அதை இலக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்று ஈற்றோடு நிறுத்திக்கொள்வதும், ஒரு பருவத்தில் (பெட்டை இணைசேரத் தயாராகும் காலம்) சேர்ந்து குட்டி போட்டால் அடுத்த பருவத்தில் ஓய்வு கொடுப்பதும் பெட்டையின் உடம்புக்கு நல்லது. முதல் பருவம் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வந்துவிடும். அப்போது அதுவே இன்னும் வளர்ந்து முடியாத குட்டி என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது உடல் சோதனை. லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக இறங்கும். இரண்டு வயதுக்குப் பின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு இணைசேர்ப்பதே முறை. தூய வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. குட்டிகள் தூங்கும்போது, காற்றோ தரை அதிர்வோ படாத தூரத்திலிருந்து ஒரு பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தால் எந்தக் குட்டி எழவில்லை என்பது ஓரளவு தெரியும். காது கேளாத நாயை அடுத்த ஈற்றுக்குப் பயன்படுத்தவே கூடாது. பக் போன்ற தட்டை முக நாய்களில், நான்கடி நடந்ததும் மூச்சு இரைக்கும் நாயிடமிருந்து குட்டி எடுப்பது அந்த மூச்சுத்திணறலைப் பிள்ளைகளுக்கும் எழுதிவைப்பதாகும். கடுவன், பெட்டை இரண்டுக்கும் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமிக்கான இரத்தப் பரிசோதனை செய்து, இணைசேர்க்கையால் பரவும் பிறப்புறுப்புக் கட்டி இல்லை என்பதையும் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஊரில் பேர் பெற்ற கடுவன் ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பதால் எல்லோரும் அதையே தேடிப் போவார்கள். இரண்டு தலைமுறை கழிவதற்குள் அண்ணனும் தங்கையும் அறியாமலே ஜோடி சேர்ந்துவிடும். நாய்களின் வம்சத்தைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதில் உள்ள மூன்று தலைமுறைப் பெயர்களையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தாள் வம்சத்தைச் சொல்லுமே தவிர ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் தராது.

பிரசவம், அதிலும் மலைமேல்

இணைசேர்த்த நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சுமார் 63 நாளில் குட்டி போடும். கடைசி வாரம் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். வழக்கமாக 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருக்கும் உடல் வெப்பம் 99க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம் தொடங்கிவிடும்.

ஏற்காட்டிலும் நாகலூர், கரடியூர்ப் பக்கங்களிலும் இருப்பவர்கள் இந்த அளவீட்டைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். நள்ளிரவில் குட்டி சிக்கிக்கொண்டால், பனிமூட்டத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெப்பம் இறங்கிய அன்றே மருத்துவருக்குச் சொல்லிவைத்து, இரவில் அறுவைச் சிகிச்சை செய்பவர் யார், வண்டி யாருடையது என்பதை முடிவு செய்துவிடுங்கள். முதல் பிரசவம் என்றாலோ, ஒரே ஒரு பெரிய குட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தாலோ, கடைசி நான்கைந்து நாட்களுக்குப் பெட்டையைக் கீழே உறவினர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது இன்னும் நல்லது.

பிரசவம் தொடங்கியபின் கவனிக்க வேண்டிய அபாய அறிகுறிகள் மூன்று. பலமாக முக்கியும் அரை மணி நேரத்தில் குட்டி வெளிவராதது. உள்ளே குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுவது. முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நிறத்தில் கசிவது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும். கையை விட்டு இழுப்பது, யாரோ சொன்னார்கள் என்று ஊசி போடுவது இரண்டுமே தாயைக் கொன்றுவிடக் கூடும்.

பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு வாரம் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. படுக்கும் இடம் முதல் வாரத்தில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மார்கழியில் சேர்வராயன் மலைக் குளிருக்கு ஒரு கோணிச் சாக்கு போதாது. மரப்பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் விளக்கு வெப்பம் படும்படி அமைத்தால், சூடு அதிகமானால் குட்டி தானே மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். எல்லாக் குட்டியும் முதல் நாளிலேயே சீம்பால் குடித்ததா என்று பாருங்கள். தினமும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். பத்து நாளில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். எடை ஏறாத குட்டிதான் முதலில் போய்விடும். பால் கொடுக்கும் தாய் இரண்டு மூன்று வாரத்தில் நடுங்கி, விறைத்து, ஓயாமல் மூச்சிரைத்தால் அது கால்சியம் குறைந்ததன் அறிகுறி. அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டும்.

எட்டு வாரம் என்றால் எட்டு வாரம்

என் முதல் ஈற்றில் நான் செய்த தவறை இங்கே எழுதுவது அவசியம். குட்டிகள் திட உணவு தின்னத் தொடங்கியதும், கேட்டவர்கள் அவசரப்படுத்தியதால், 35ஆம் நாளில் மூன்று குட்டிகளைக் கொடுத்துவிட்டேன். அவற்றில் ஒன்றுக்குத் தடுப்பூசி போடும் முன்பே பார்வோ என்ற வைரஸ் நோய் வந்துவிட்டது. இரத்தம் கலந்த பேதியோடு அது மூன்று நாள் கிடந்து இறந்ததை அந்த வீட்டுச் சிறுமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவள் அப்பா என்னை ஒரு வார்த்தை கூடக் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இரண்டாவது வாரத்தில் குடற்புழு நீக்கத்தைத் தொடங்கி, மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி. அதை மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும் வரை திரும்பப் போட வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. ஐந்தாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைத் தாயிடமும் உடன்பிறப்பிடமும் கற்றுக்கொள்கின்றன. அந்தக் காலத்தில் மிக்ஸி சத்தம், குக்கர் விசில், குடை, சைக்கிள், குழந்தைகளின் கை எல்லாம் அவற்றுக்குப் பழக வேண்டும். மாடியில் கூண்டுக்குள் வளர்ந்த குட்டி பிற்பாடு எல்லாவற்றுக்கும் மிரளும், மிரள்கிற நாய்தான் கடிக்கும்.

கொடுக்கும்போது, வாங்க வருபவரின் வீட்டை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பகலில் யார் இருப்பார்கள், வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதித்தாரா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெண் கொடுக்கும் இடத்தில் விசாரிப்பதில்லையா? சைபீரியன் ஹஸ்கி வேண்டும் என்று அம்மாபேட்டையில் மாடி வீட்டிலிருந்து ஒருவர் கேட்டால், சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அந்த ரோமத்தோடு அது படும் பாட்டை எடுத்துச் சொல்லி மறுப்பதும் குட்டி எடுப்பவரின் கடமையே. தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் பொருத்தி, அதன் 15 இலக்க எண், ஊசி அட்டை, பழகிய உணவின் விவரம், உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றோடு ஓர் ஒப்பந்தத் தாளையும் கொடுங்கள். "எந்தக் காரணத்தாலாவது, எந்த வயதிலாவது வளர்க்க முடியாமல் போனால் இந்த நாயை என்னிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், நான் மறுக்காமல் பெற்றுக்கொள்வேன்" என்ற வரி அதில் இருக்க வேண்டும். அந்த வரியை எழுதத் துணிவில்லாதவர் குட்டி எடுக்கும் வேலையை விட்டுவிடலாம்.

ஈற்று முடிந்து ஓய்வு பெற்ற பெட்டையின் கதி பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. வளைவில் கிடைத்த அந்த லாப்ரடாருக்குக் கருப்பையில் சீழ் கட்டியிருந்தது. பருவம் முடிந்து சில வாரங்களில், கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு வரும் நோய் அது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும், சோர்ந்து கிடப்பதும் தொடக்க அறிகுறிகள். கருப்பையை எடுத்தபின் பிழைத்துக்கொண்டது. கடைசி ஈற்றுக்குப் பின் கருத்தடை செய்து, அதே வீட்டில், அதே தட்டில் சோறு போட்டு வைத்துக்கொள்வதே நியாயம்.

வாங்கி வளர்ப்பவருக்கு

தாயைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். தாயைக் காட்ட மறுப்பவர், பேருந்து நிலையத்தில் வந்து கொடுக்கிறேன் என்பவர், எட்டு வாரத்துக்கு முன்பே எடுத்துப் போகச் சொல்பவர் எவரிடமும் வாங்க வேண்டாம். பரிதாபப்பட்டு வாங்கினால் அவர் அடுத்த ஈற்றுக்குப் பெட்டையைத் தயார் செய்வார்.

சேலத்து வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் மட்டுமே நடத்திக் கூட்டிப்போங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு நொடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகித் தள்ளாடினால் வெப்பத் தாக்கம். நிழலுக்குக் கொண்டுபோய், ஐஸ் போடாமல் சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. மாம்பழக் காலத்தில் சப்பிப் போட்ட கொட்டையை நாய் முழுதாக விழுங்கிவிடும்; அது குடலில் அடைத்துக்கொண்டால் வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். காப்பிக் களத்தில் காயும் கொட்டையில் உள்ள காஃபின் நாய்க்கு நஞ்சு. பச்சை மரவள்ளிக் கிழங்கும் அதன் தோலும் சயனைடு உண்டாக்கும் பொருளைக் கொண்டவை. மலையில் இரவு நேரத்தில் நாயைக் கட்டவிழ்த்துவிட்டால் காட்டெருமையைத் துரத்திப் போய்க் குத்துப்பட்டு வரும். இருட்டியபின் உள்ளே வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. உண்ணியை வாரம் இருமுறை காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் இரத்த அணுக்களைக் குறைத்துக் கொல்லும்.

ரேபிஸ் ஊசியை ஆண்டு தவறாமல் போடுங்கள். உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால், ஊசி போட்ட நாய்தான் என்று சமாதானம் சொல்லி அனுப்பாமல், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவச் செய்து, அரசு மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துப் போங்கள். குட்டையான சங்கிலியில் நாள் முழுதும் கட்டிவைப்பதும், வளர்த்த நாயைக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றங்கள்.

வயது பத்தைத் தாண்டியதும் கண் மங்கும், பின்னங்கால் தளரும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும். அப்போது வழுக்கும் டைல்ஸ் தரைமேல் கோணியோ ரப்பர் பாயோ விரித்து, உணவுத் தட்டைச் சற்று உயர்த்தி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வீடு மாறினாலோ எண் மாறினாலோ மைக்ரோசிப் பதிவிலும் குட்டி கொடுத்தவரிடமும் அன்றே மாற்றிச் சொல்லிவிடுங்கள்.