வாங்கும் சாமானை ட்ராயிங்கே எண்ணட்டும்: ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலில் ரைஸ்மில் மெஷின் வரையும் முறை

ஆறு பக்கெட் எலிவேட்டர் உள்ள ரைஸ்மில்லுக்கு ட்ராயிங் முடிந்ததும், தாளும் பேனாவுமாக உட்கார்ந்து பிளம்மர் பிளாக் (ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் யூனிட்) எத்தனை, போல்ட் எத்தனை, பெல்ட் எத்தனை மீட்டர் என்று எண்ணுவது டெல்டா பட்டறைகளில் இன்னும் நடக்கிற வேலை. எண்ணிக்கை பிசகியது ஃபிட்டிங் அன்றுதான் தெரியும். குறுவை நெல் களத்துக்கு வந்துவிட்ட நேரத்தில் நான்கு போல்ட்டுக்காக மன்னார்குடியிலிருந்து திருச்சிக்கு ஆள் அனுப்ப வேண்டிவரும்.

ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் மென்பொருளில் கரண்ட் பேனல் வரைபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு கான்டாக்டரை ட்ராயிங்கில் வைத்தவுடன் பெயர், கம்பெனி, பார்ட் நம்பர் மூன்றும் அந்த பிளாக்கோடு (ஒரே துண்டாக வைக்கும் படம்) ஒட்டிக்கொள்கின்றன. பட்டியலை மென்பொருளே எண்ணித் தருகிறது. அந்த ஏற்பாட்டை மெக்கானிக்கல் ட்ராயிங்கிலும் பயன்படுத்தலாம். ஆட்டோகேட் 2019 முதல் முழு ஆட்டோகேட் சந்தாவோடு எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் தொகுப்புகள் சேர்ந்தே வருகின்றன. தனியாக இன்ஸ்டால் செய்தால் போதும். ஆட்டோகேட் எல்டி பதிப்பில் இவை கிடையாது.

முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் சாமான் ஒரு பக்கம்: பேரிங், பெல்ட், பக்கெட், கியர் மோட்டார், சிலிண்டர், வால்வு. பட்டறையில் வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துச் செய்வது மறு பக்கம்: லெக் கேசிங், ஹாப்பர், ஸ்டாண்டு, ஷாஃப்ட். முதல் பக்கத்துக்கு மட்டும்தான் எலக்ட்ரிக்கல். இரண்டாவது பக்கத்தை எப்போதும்போலச் சாதாரண ஆட்டோகேடிலோ மெக்கானிக்கலிலோ வரையுங்கள். தகட்டின் எடை, ஆங்கிளின் வெட்டு நீளம், டாலரன்ஸ் எதையும் எலக்ட்ரிக்கல் கணக்கிடாது. அங்கே அதை இழுத்து வந்தால் வேலை இரட்டிப்பாகும்.

செய்யும் பக்கத்து ட்ராயிங்கை எக்ஸ்ரெஃப் ஆக (வேறு ஃபைலில் இருந்தபடியே இங்கே தெரியும் ட்ராயிங்) இணைத்து, அதன்மேல் வாங்கும் சாமான்களை வையுங்கள். மெக்கானிக்கல் தொகுப்பில் செய்த ஆப்ஜெக்ட்டுகளை எலக்ட்ரிக்கலில் நேரடியாகத் திறந்து திருத்தப் போனால் சிக்கல் வரும்; எக்ஸ்ரெஃப் என்றால் அது தன் ஃபைலிலேயே பத்திரமாக இருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எக்ஸ்ரெஃப்புக்குள் இருக்கும் பேரிங்கை ரிப்போர்ட் எண்ணாது. எண்ண வேண்டியது எல்லாம் மேல் ட்ராயிங்கில் இருக்க வேண்டும்.

புராஜெக்ட் அமைப்பு

‘புராஜெக்ட் மேனேஜர்’ திறந்து மில்லுக்கு ஒரு புது புராஜெக்ட் உருவாக்கி, எலிவேட்டர், கல்நீக்கி, பின் (நெல் சேமிக்கும் தொட்டி) கேட், ஏர் லைன் ட்ராயிங் எல்லாவற்றையும் அதில் சேருங்கள். புராஜெக்ட் பிராப்பர்ட்டீஸில் ‘ஐட்டம் நம்பரிங்’ என்ற இடத்தில், புராஜெக்ட் முழுவதற்கும் ஒரே வரிசை, பார்ட் நம்பருக்கு ஒரு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஒரே பேரிங் ஆறு ஷீட்டிலும் ஒரே பலூன் (சாமானைச் சுட்டும் வட்டம்) எண்ணோடு வரும். ட்ராயிங் வாரியாக எண் போட்டால் முதல் ஷீட்டின் 3 பேரிங்காகவும் நான்காம் ஷீட்டின் 3 பெல்ட்டாகவும் இருக்கும், ஃபிட்டர் குழம்பிப்போவார்.

ஒவ்வொரு ட்ராயிங்கிலும் டபிள்யூடி_எம் (WD_M) என்ற பிளாக் ஒன்றில்தான் அந்த ஷீட்டின் அமைப்புகள் இருக்கின்றன. பழைய ட்ராயிங் ஒன்றை அப்படியே இன்சர்ட் செய்தால் இரண்டாவது டபிள்யூடி_எம்மும் கூடவே வந்துவிடும். பிறகு எண்ணும் அளவும் தாறுமாறாகும். ஒன்றை அழித்து ஒன்றை மட்டும் வைத்திருங்கள்.

ஒரு பிளம்மர் பிளாக், அருகிலிருந்து

எலிவேட்டரின் ஹெட் (மேல் முனை) ஷாஃப்ட் 40 மி.மீ. என்றால் யூசிபி 208 (UCP 208) பிளம்மர் பிளாக் வேண்டும். தளத்திலிருந்து ஷாஃப்ட் மையம் வரை 49.2 மி.மீ., இரண்டு போல்ட் துளைகளுக்கு இடையே 137 மி.மீ., போல்ட் எம் 14. இதை ஒரு முறை சரியாகச் செய்துவிட்டால் ஆயுசுக்கும் பயன்படும்.

இதன் படத்தை மி.மீ. கணக்கில் 1:1 அளவில் பிளாக்காக வரைந்து, பேஸ் பாயின்ட்டை (பிடித்து வைக்கும் புள்ளி) ஷாஃப்ட் மையத்தில் வையுங்கள். மூலையில் வைத்தால் ஒவ்வொரு முறையும் நகர்த்திக்கொண்டே இருப்பீர்கள். கம்பெனி கொடுத்த ட்ராயிங்கை எடுத்தால் முதலில் 137-ஐ அளந்து பாருங்கள். அங்குலத்தில் வரைந்த ஃபைல் 25.4 மடங்கு சிறியதாக வந்து நிற்கும். சில ஃபைல்களில் பேஸ் பாயின்ட் எங்கோ தள்ளி இருக்கும். பிளாக்கை வைத்தால் திரையில் எதுவும் தெரியாது.

பிறகு ‘கேட்டலாக் பிரவுசர்’. அதில் காண்டாக்டர், ரிலே என்று குடும்பத்துக்கு ஒரு டேபிள் இருக்கும். அங்கே பேரிங், பெல்ட், சிலிண்டர் என்று உங்களுக்கான டேபிள்களைச் சேர்த்து, யூசிபி 208-க்கு ஒரு வரி எழுதுங்கள். இங்கேதான் பெரிய லாபம் இருக்கிறது. அந்த வரியின் ‘அசெம்பிளி கோட்’ கட்டத்தில் ஒரு பெயர் கொடுங்கள். எம் 14 போல்ட், நட்டு, ஸ்பிரிங் வாஷர் மூன்றுக்கும் தனி வரி எழுதி, அவற்றின் ‘அசெம்பிளி லிஸ்ட்’ கட்டத்தில் அதே பெயரையும் ‘அசெம்பிளி குவான்டிட்டி’யில் 2-ஐயும் போடுங்கள். இனி ஒரு பிளம்மர் பிளாக் வைத்தால் இரண்டு போல்ட், இரண்டு நட்டு, இரண்டு வாஷர் தானாகவே பட்டியலில் ஏறும். எலிவேட்டருக்கு இரண்டு வீதம், ஆறு எலிவேட்டருக்கு ஹெட்டில் 12 பிளம்மர் பிளாக், 24 போல்ட்.

எம் 14 எல்லாக் கடையிலும் கைக்குக் கிடைக்காது. அதனால் எம் 12-ஐப் போட்டு இறுக்கிவிடும் பழக்கம் உண்டு. துளையில் போல்ட் தளர்வாக இருக்கும். பெல்ட் இழுக்க இழுக்க பிளம்மர் பிளாக் நகர்ந்து, ஹெட் புல்லி சாய்ந்து, பெல்ட் ஒரு பக்கம் ஓடி கேசிங்கை உரசும். பட்டியலிலேயே எம் 14 என்று முன்கூட்டி வந்துவிட்டால் அதை வரவழைக்க நேரம் இருக்கும்.

பூட் (அடி முனை) பக்கம் வேறு. அங்கே பெல்ட்டை இழுத்துக் கட்ட வேண்டியிருப்பதால் யூசிடி 208 டேக்-அப் யூனிட் வரும். அது கைடில் நகர்வது. கால் போல்ட் கிடையாது. ஹெட்டில் வைத்த பிளாக்கையே பூட்டுக்கும் காப்பி செய்தால் போல்ட் கணக்கு இரண்டு மடங்காகும், பேரிங்கும் தவறாக வரும்.

வைக்கும் முறை: ‘பேனல்’ டேபில் ‘இன்சர்ட் ஃபுட்பிரிண்ட் (மேனுவல்)’, அதில் ‘பிக் ஃபைல்’. ஃபுட்பிரிண்ட் என்பது மெஷின் ட்ராயிங்கில் வைக்கும் சாமானின் படம். பிளாக்கைத் தேர்ந்து ஷாஃப்ட் மையத்தில் வையுங்கள். திறக்கும் பெட்டியில் கேட்டலாக்கைத் தேடி யூசிபி 208-ஐ எடுத்து, ஐட்டம் நம்பர் கொடுங்கள். பிளாக்கில் அட்ரிப்யூட் (விவரம் எழுதும் கட்டம்) இல்லாவிட்டாலும் விவரம் எக்ஸ்டேட்டாவாக (கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தகவல்) மறைந்து சேர்ந்துகொள்ளும். ‘பலூன்’ கொடுத்தால் எண் தானாகவே வரும். பலூன் எறும்பு சைஸில் வந்தால், பேனல் கான்ஃபிகரேஷனில் பலூன் அளவைத் திருத்துங்கள். அசல் அளவு எலிவேட்டர் ட்ராயிங்கில் இது எல்லோருக்கும் முதல் நாளில் நேர்வது.

இரண்டு கட்டளைகளை மறந்துவிடுங்கள். ‘எக்ஸ்ப்ளோட்’ செய்தால் பார்வைக்கு பேரிங் அப்படியே இருக்கும், ஆனால் விவரம் போய்விடும். பட்டியலில் ஒன்று குறையும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. சாதாரண ‘காப்பி’ செய்தால் டேக் பெயரும் (அந்தச் சாமானுக்கான தனி அடையாளப் பெயர்) சேர்ந்து காப்பி ஆகி, ஒரே பெயரில் இரண்டு நிற்கும். ‘காப்பி ஃபுட்பிரிண்ட்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

நீளத்தில் வாங்கும் சாமான்

பெல்ட்டும் பக்கெட்டும் ஒவ்வொன்றாக வைக்கிற சாமான் அல்ல. ஹெட், பூட் புல்லி இரண்டும் 400 மி.மீ., மையத்துக்கு மையம் 12 மீட்டர் என்றால் பெல்ட் நீளம் 24 மீட்டரோடு புல்லிச் சுற்றளவு 1.26 மீட்டர் சேர்த்து 25.26 மீட்டர், மேலும் ஜாயின்ட்டுக்கு வேண்டியது. 200 மி.மீ. இடைவெளியில் 126 பக்கெட். பக்கெட்டுக்கு இரண்டு போல்ட் என்றால் 252. இதற்கு பெல்ட்டின்மேல் ஒரு ஃபுட்பிரிண்ட்டை மட்டும் ‘ஜெனரிக் மார்க்கர்’ ஆக வைத்து, ‘மல்டிபிள் கேட்டலாக்’ பெட்டியில் பக்கெட்டையும் போல்ட்டையும் சேர்த்து, ‘கவுன்ட்’ கட்டத்தில் எண்ணிக்கையையும் ‘யூனிட்’டில் அலகையும் எழுதுங்கள்.

இந்தக் கணக்கு நீங்கள் போட்டதுதான், மென்பொருள் போட்டதல்ல. மில்காரர் கூரையை உயர்த்திவிட்டு எலிவேட்டரை 14 மீட்டர் ஆக்கச் சொன்னால் ட்ராயிங் நீளும். கவுன்ட் 126-லேயே நிற்கும். உயரம் மாறினால் முதலில் திறக்க வேண்டியது இந்தப் பெட்டி.

ஏர் லைன்

பின் அடியில் இருக்கும் ஸ்லைடு கேட்டுகளுக்கு ஏர் சிலிண்டர் வைக்கும் மில்களில், இந்த மென்பொருள் தன் சொந்த வீட்டில் இருப்பதுபோல வேலை செய்யும். நியூமேட்டிக் (காற்று), ஹைட்ராலிக் (எண்ணெய்), பி அண்ட் ஐடி (குழாய், கருவி வரைபடம்) சின்னங்கள் அதிலேயே இருக்கின்றன. ‘ஸ்கிமேட்டிக்’ டேபில் ‘ஐகான் மெனு’வின் கீழ் ‘இன்சர்ட் நியூமேட்டிக் காம்பொனென்ட்ஸ்’ பாருங்கள். பாய்லரிலிருந்து ஊறல் தொட்டிக்கும் டிரையருக்கும் போகும் நீராவி லைனை பி அண்ட் ஐடி சின்னங்களில் வரையலாம்.

5/2 வால்வின் (ஐந்து போர்ட், இரண்டு நிலை) போர்ட் எண்களை டெர்மினல் எண்களாக எழுதிக்கொள்ளுங்கள்: 1 காற்று வரத்து, 2-ம் 4-ம் சிலிண்டருக்கு, 3-ம் 5-ம் எக்ஸாஸ்ட். பின் கேட்டுக்கு ஒற்றைக் காயில், ஸ்பிரிங் ரிட்டர்ன் வால்வு நல்லது. கரண்ட் போனாலும் டேங்கில் காற்று இருக்கும்வரை கேட் மூடிக்கொள்ளும். இரட்டைக் காயில் வைத்தால் கேட் திறந்தது திறந்தபடி நிற்கும். நெல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

டியூபை ‘வயர்’ கட்டளையால் வரையுங்கள். வயர் டைப் அமைக்கும் பெட்டியில் 8 மி.மீ. பியூ டியூபுக்கு ஒரு லேயர், 12 மி.மீ. மெயின் லைனுக்கு ஒரு லேயர் என்று பெயரிடுங்கள். பாலிலைனில் வரைந்தால் அது மென்பொருளின் கண்ணில் வயரே அல்ல. வயர் லேயரில் இருக்கும் லைன் மட்டும்தான் வயர். கோட்டின் முனை சின்னத்தின் இணைப்புப் புள்ளியைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நின்றாலும் இணைப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். ஸ்னாப் போட்டே வரையுங்கள்.

மின் கம்பிக்கும் காற்றுக் குழாய்க்கும் இடையே ஒரு வித்தியாசம் இங்கே கால்வாரும். ஒன்றோடொன்று சேர்ந்த கம்பிகளுக்கெல்லாம் மென்பொருள் ஒரே எண்தான் கொடுக்கும். மின்சாரத்துக்கு அது சரி. டியூபில் டீ ஜாயின்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் இரண்டு துண்டு. மூன்றையும் தனித்தனியாக வெட்ட வேண்டும். அதனால் டீயை வெறும் புள்ளியாக விடாமல், ‘சிம்பல் பில்டர்’ கொண்டு டீக்கு ஒரு சின்னம் செய்து காம்பொனென்ட்டாக வையுங்கள். காம்பொனென்ட்டைத் தாண்டினால் எண் மாறும். மூன்று துண்டுக்கு மூன்று எண். ‘ஃப்ரம்/டு’ ரிப்போர்ட் எடுத்தால் எந்தத் துண்டு எங்கிருந்து எங்கே என்ற பட்டியல் கையில் இருக்கும். டீயும் வாங்கும் சாமானாகப் பட்டியலில் ஏறிவிடும்.

சோலினாய்டு வால்வு இரண்டு ட்ராயிங்கில் வரும்: ஏர் லைனில் வால்வாக, கரண்ட் ட்ராயிங்கில் காயிலாக. இரண்டையும் பேரன்ட்டாக (முதன்மைச் சின்னம்) வைத்தால் டேக் இரட்டிப்பு எச்சரிக்கை வரும். இரண்டுக்கும் பார்ட் நம்பர் கொடுத்தால் ஒரு வால்வுக்கு இரண்டு வாங்கிவிடுவீர்கள். காயில் வால்வோடு சேர்ந்தே வருவதால், வால்வைப் பேரன்ட் ஆக்கி அதற்கு மட்டும் கேட்டலாக் கொடுங்கள். காயிலைச் சைல்டு (அதன் துணைச் சின்னம்) ஆக்கி வால்வோடு இணையுங்கள். சின்னத்தின் ஃபைல் பெயரில் நான்காவது எழுத்து 1 என்றால் பேரன்ட், 2 என்றால் சைல்டு.

சர்க்யூட் முடிந்ததும் சிலிண்டரை மெஷின் ட்ராயிங்கில் வைக்க, ‘இன்சர்ட் ஃபுட்பிரிண்ட் (ஸ்கிமேட்டிக் லிஸ்ட்)’ கொடுங்கள். சர்க்யூட்டில் உள்ளவை பட்டியலாக வரும்; ஏற்கெனவே வைத்தவற்றுக்கு அடையாளம் இருக்கும். 63 மி.மீ. சிலிண்டரைத் தேர்ந்து வைத்தால் டேக்கும் பார்ட் நம்பரும் கூடவே வரும். 6 பாரில் அது தள்ளும் விசை சுமார் 190 கிலோ. கேட் தகடு நெல்லின் பாரத்தில் சிக்காமல் நகர அது போதுமா என்று பார்ப்பது உங்கள் கணக்கு.

பட்டியலும் சரிபார்ப்பும்

பட்டியல் எடுக்கும் முன் இரண்டு ரிப்போர்ட். பேனல் ரிப்போர்ட்டில் ‘காம்பொனென்ட் எக்ஸெப்ஷன்’: சர்க்யூட்டில் இருந்து மெஷினில் இடம் கிடைக்காத சிலிண்டரை அது காட்டிக்கொடுக்கும். இதைப் பார்க்காமல் விட்டால் சிலிண்டர் வந்து இறங்கிய பிறகுதான் பிராக்கெட் இல்லை என்று தெரியும். அடுத்தது ‘காம்பொனென்ட்’ ரிப்போர்ட். கேட்டலாக் கட்டத்தை வரிசைப்படுத்தி, காலியாக இருப்பவற்றை நிரப்புங்கள். பிறகு ‘பில் ஆஃப் மெட்டீரியல்’, புராஜெக்ட் முழுவதற்கும். எக்செல் ஃபைலாகச் சேமித்துக் கடைக்கு அனுப்பலாம், ட்ராயிங்கிலும் டேபிளாக வைக்கலாம்.

விவரக் கட்டங்களைத் தமிழில் எழுதினால் ஃபிட்டருக்கு நல்லது: ‘பச்சை நெல் பின், 2-ஆம் கேட்’ என்று இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம். ஆட்டோகேடின் எஸ்எச்எக்ஸ் (SHX) ஃபான்ட்டில் தமிழ் கேள்விக்குறியாகவோ கட்டங்களாகவோ தெரியும். டெக்ஸ்ட் ஸ்டைலை நிர்மலா யுஐ அல்லது லதாவுக்கு மாற்றுங்கள். பார்ட் நம்பரை மட்டும் கம்பெனி அச்சிட்டபடியே விடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் ஒரே சாமான் பட்டியலில் இரண்டு வரியாகப் பிரிந்து நிற்கும்.

வேறு பட்டறைக்கு வேலையை அனுப்பும்போது ட்ராயிங்கை மட்டும் அனுப்பாதீர்கள். புராஜெக்ட் ஃபைல், எக்ஸ்ரெஃப், ஃபான்ட், நீங்கள் வளர்த்த கேட்டலாக் டேட்டாபேஸ் நான்கும் சேர்ந்து போக வேண்டும். டேட்டாபேஸ் போகாவிட்டால் பேரிங் வரி மட்டும் பட்டியலில் இருக்கும். அதன்கீழ் வர வேண்டிய எம் 14 போல்ட்டும் நட்டும் வாஷரும் விடுபட்டுப்போகும்.