மைனஸ் 30-க்குத் தாங்கும் ஐஸ் ஃபிஷிங் கோல்: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் இருக்கிறது வின்னிபெக் ஏரி. அதன் மேற்குக் கரையில் உள்ள கிம்லி பக்கம், ஜனவரி காலை ஒன்றில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கு இறங்கினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். உறைந்த ஏரிமேல் துளை போட்டு, வால்ஐ மீனுக்காக அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கையில் இருக்கும் கோலின் நீளம் பெரும்பாலும் 24 முதல் 36 அங்குலம்தான். தூண்டில் நரம்பை நேராகத் துளைக்குள் இறக்குவதால் தூர வீச வேண்டிய வேலையே இல்லை.

இந்தக் குட்டைக் கோலைக் கடையில் வாங்காமல் தாங்களே கட்டிக்கொள்பவர்கள் அங்கே நிறைய. பிளாங்க் என்கிற வெறும் கோல், நரம்பு ஓடும் வளையங்கள், பிடிக்குக் கார்க், வளையங்களைக் கட்ட நூல், அதன்மேல் பூச எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், கட்டுவது 22 டிகிரி வெதுவெதுப்பில், பயன்படுத்துவது மைனஸ் 30-ல். வீட்டுக்குள் வளைத்துப் பார்த்தபோது குறையே தெரியாத கோல், ஏரிக்குப் போன சில நாட்களிலேயே வளையம் ஆடியபடி திரும்பி வருகிறது. உடனே பழி குளிர்மேல் விழுகிறது. வெறும் குளிர் நன்றாகக் கட்டிய கோலை ஒன்றும் செய்துவிடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. உள்ளே புகுந்த தண்ணீரும், ஒன்று அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் சுருங்குகிற பொருட்களும் சேர்ந்துதான் அதைக் கெடுக்கின்றன.

வளையத்தின் காலைத் தேய்க்காமல் விடுவது

எல்லாத் தவறுகளிலும் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். பார்த்தால் தெரியாது என்பதால் அனுபவம் உள்ளவர்களும் இதில் கோட்டை விடுகிறார்கள்.

கோலோடு சேர்த்து நூலால் கட்டப்படும் பகுதிதான் வளையத்தின் கால். புதிதாக வாங்கும் வளையத்தில் அந்தக் கால் நுனி பல சமயம் மொட்டையாக, படிக்கட்டு போல நிற்கும். நூலை ஒரு சுற்றுக்குப் பக்கத்தில் அடுத்த சுற்றாக நெருக்கிக்கொண்டு வரும்போது, அந்தப் படியில் ஏறும் இடத்தில் நூல் கோலையும் தொடாது, காலையும் தொடாது. காலின் இரண்டு பக்கவாட்டிலும் மெல்லிய சுரங்கம் ஒன்று உருவாகிவிடும். அதன்மேல் எபாக்ஸியைப் பூசினால் வெளியே பளபளவென்று மூடிக்கொள்ளும். உள்ளே காற்று மட்டும் இருக்கும்.

ஏரியில் ஈர நரம்பு மேலே வரும்போதெல்லாம் வளையத்தில் தண்ணீர் படும். எபாக்ஸியில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் போதும், அது சுரங்கத்துக்குள் போய்விடும். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். கூடாரத்துக்குள் ஹீட்டர் சூட்டில் உருகுவது, அடுத்த துளைக்கு மாற வெளியே வந்தவுடன் உறைவது, மாலையில் வண்டிக்குள் மறுபடி உருகுவது என்று ஒரே நாளில் பல தடவை இது நடக்கும். ஒவ்வொரு தடவையும் எபாக்ஸி உள்ளிருந்து கொஞ்சம் நெம்பப்படும். கால் நுனி ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால், அங்கே பிடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம்.

சின்ன அரத்தை எடுத்து, காலின் மேல்பக்கத்தை நுனியை நோக்கிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். நுனி கத்தி முனை அளவுக்கு மெலிந்தால் நூல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். தேய்த்த பிறகு அடிப்பக்கத்தில் பிசிறு நிற்கும்; அதையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பிசிறு கோலைக் கீறினால், பின்னால் மீன் இழுக்கும்போது கோல் முறிவது அந்தக் கீறலில்தான். முதல் பூச்சு காய்ந்ததும் ஒரு பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு காலின் இரு பக்கத்தையும் பாருங்கள். இடைவெளி இருந்தால் இரண்டாம் பூச்சுக்கு முன்பே நிரப்பிவிடலாம்.

எபாக்ஸியில் அவசரமும் தாராளமும்

"கடுங்குளிராச்சே, கொஞ்சம் தடிப்பாவே பூசிடுவோம்" என்ற எண்ணம் எளிதாக வந்துவிடும். நடப்பது நேர்மாறு. அறையிலிருந்து மைனஸ் 35-க்குப் போகும்போது கிட்டத்தட்ட 57 டிகிரி வித்தியாசம். கோலில் உள்ள கார்பன் இழைகள் நீளவாக்கில் அனேகமாகச் சுருங்குவதே இல்லை, எபாக்ஸியோ 0.3 சதவீதம் அளவுக்குச் சுருங்கும். மெல்லிய படலமாக இருந்தால் கோலோடு வளைந்து கொடுக்கும். தடித்த கட்டியாக இருந்தால் விளிம்பில்தான் விரிசல் விடும். இரண்டு மெல்லிய பூச்சு, நூலின் சுற்றுகள் மறையும் அளவுக்கு மட்டும், போதும்.

நூலுக்கென்றே விற்கும், காய்ந்த பிறகும் நெகிழ்வு உள்ள எபாக்ஸியை வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் சாதாரண ஒட்டு எபாக்ஸி நூல் பூச்சுக்கு வேண்டாம். அது ஈரத்துக்கும் தாங்காது, அடிக்கும் தாங்காது. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை, அதாவது எபாக்ஸியை இறுக வைக்கும் இரண்டாவது திரவத்தை, கூடுதலாக ஊற்றுவதும் கூடாது. பாட்டிலில் ஒன்றுக்கு ஒன்று என்று போட்டிருந்தால் சிரிஞ்சால் அளந்து அப்படியே கலக்க வேண்டும். அளவு தப்பினால் மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். அந்தக் கோலை ஏரிக்குக் கொண்டுபோவதில் பயனில்லை. சிரிஞ்சின் உள்ளே சிலிகான் எண்ணெய் தடவியது வேண்டாம். அது கலந்தால் பூச்சில் வட்ட வட்டமாகக் குழி விழும்.

சூடில்லாத கராஜில் பூச்சைக் காயவிடாதீர்கள். அறை வெப்பநிலையில், சுழற்றும் மோட்டாரில் வைத்து, ஒரு நாள் கழித்துத் தொடலாம். முழு வலிமை வரச் சில நாட்களாகும், அதுவரை பொறுங்கள்.

நுனியும் கம்பியும்

கார்பன் குளிரில் பொடிப்பொடியாக உடையும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இழைகளுக்கு மைனஸ் 40 ஒரு பொருட்டே அல்ல. துளை போடும் கருவியோடு சேர்த்து வாளியில் போட்டு வண்டியில் குலுங்கக் கொண்டு போகும்போது படும் கீறல்தான் அதற்கு எமன். முதல் கோலுக்குத் திட கண்ணாடியிழை பிளாங்க் எடுங்கள். இடி தாங்கும், நுனியும் மெதுவாக வளையும். லேசான கடியைக் கையில் உணர வேண்டும் என்கிற ஆசை வந்த பிறகு திட கார்பனுக்குப் போகலாம்.

பெர்ச் மாதிரிச் சின்ன மீனின் கடியைக் கண்ணால் பார்க்க நுனியில் ஒரு மெல்லிய கம்பியைப் பொருத்துவார்கள். இதற்கு நிக்கல்-டைட்டானியம் கம்பி பிரபலம். எப்படி வளைத்தாலும் நிமிர்ந்துவிடும் என்பதால். அந்த நிமிரும் குணம் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. ஒவ்வொரு கலவைக்கும் ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே குளிர்ந்தால் கம்பி துவண்டுபோய், வளைத்த நிலையிலேயே நிற்கும். சூடுபட்டால்தான் திரும்ப நிமிரும். வாங்கிய கம்பியைப் பொருத்துவதற்கு முன் ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, எடுத்தவுடன் வளைத்துப் பாருங்கள். துவண்டால் ஸ்பிரிங் ஸ்டீல் பட்டைக்கு மாறிவிடுங்கள்.

கோடைக் கோல்களில் சின்னஞ்சிறு வளையங்கள் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நரம்பில் ஏறிவரும் நாலு சொட்டுத் தண்ணீரிலேயே ஓட்டை அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் எடை கூடினாலும் பரவாயில்லை, பெரிய வளையமே வையுங்கள். நுனி வளையத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. எண்ணிக்கையையும் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள், ஒவ்வொன்றும் பனிக்கட்டி பிடிக்கும் இடம். பின்னல் நரம்பு தண்ணீரை உறிஞ்சி மேலே கொண்டுவரும். கூடாரம் இல்லாமல் திறந்த வெளியில் உட்காருகிறவர்களுக்கு ஒற்றை இழை நரம்புதான் நல்லது. வளையத்தில் உறைந்த பனிக்கட்டியைத் தட்டி உடைத்தால் உள்ளே இருக்கும் செராமிக் வளையம் கழன்றுவிடலாம், அல்லது நுனியே போய்விடலாம். விரலால் பிடித்து உருக்குங்கள்.

பிடி

ரீலைக் கோலில் பொருத்தும் அலுமினிய ரீல் சீட் அழகாக இருக்கும். ஆனால் கார்க்கை விட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவது அலுமினியம். கையுறை போட்டிருந்தாலும் உள்ளங்கைச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முழு நீளக் கார்க் பிடி வைத்து, ரீலின் காலை அதன்மேல் எலெக்ட்ரிக்கல் டேப்பால் சுற்றிக் கட்டுவது பழைய முறை. இன்றைக்கும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. குளிரில் டேப்பின் பசை விறைத்துவிடும், ஆகவே வீட்டிலேயே இழுத்துச் சுற்றிக்கொண்டு கிளம்புங்கள். கட்டும்போதே தடித்த கையுறையைப் போட்டுப் பிடித்துப் பார்ப்பதும் அவசியம். வெறுங்கைக்குக் கச்சிதமாக இருக்கும் பிடி கையுறைக்குள் நழுவும்.

கார்க்குக்கும் கோலுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் காகித டேப் சுற்றி நிரப்புகிறவர்கள் அதன்மேல் எபாக்ஸி முழுவதும் ஊறும்படி விட வேண்டும். உலர்ந்த காகிதம் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், பிறகு பிடி உள்ளே சுழல ஆரம்பிக்கும்.

எல்லாம் காய்ந்து இறுகிய பிறகு, ஏரிக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். கோலைத் தண்ணீரில் முக்கி, துடைக்காமல் ஃப்ரீசரிலோ வெளித் திண்ணையிலோ ஒரு இரவு வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-தான் என்றாலும் உறைதலைச் சோதிக்க அது போதும். காலையில் உள்ளே கொண்டுவந்து உருகவிட்டு மறுபடி முக்குங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தபின் பூதக்கண்ணாடியை எடுங்கள். எந்த வளையத்தின் காலில் வெள்ளைக் கோடு தெரிகிறதோ, அதன் நூலை மட்டும் காலின் மேல்பக்கமாக, கோலில் கத்தி படாமல் வெட்டிப் பிரித்து, காலை மறுபடி தேய்த்துக் கட்டிவிடலாம். ஒரு மாலை நேர வேலை அது.