இடிந்த கோட்டையை மையில் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடிந்த கோட்டை என்றதும் சுவரின் மேல் விளிம்பைக் கை போன போக்கில் நெளித்து, அங்கங்கே விரிசல் விட்டு, கீழே நாலு கல்லைப் போட்டுவிடுகிறோம். புதிதாக வரைகிறவர்களின் படங்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அந்தச் சுவர் எப்படி இடிந்தது என்பதற்குப் படத்தில் எந்தத் தடயமும் இருக்காது.

பழகிப் பார்க்க இங்கிலாந்தின் டோர்செட்டில் உள்ள கோர்ஃப் கோட்டையின் போட்டோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னர் தரப்புக்கும் நாடாளுமன்றத் தரப்புக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் 1646-ல் அதைப் பிடித்த நாடாளுமன்றத் தரப்பு, இனி யாருக்கும் அது அரணாகக் கூடாதென்று சுவர்களின் அடியைத் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. அதனால் அங்கே சில கோபுரங்கள் அடி பெயர்ந்து, முழு உருவோடு சாய்ந்து நிற்கின்றன. தென்மேற்கு வாயிலின் ஒரு பாதி சரிவில் அப்படியே கீழே இறங்கி இன்னமும் நிற்கிறது.

தவறு நடப்பது இங்கேதான். கோபுரத்தின் வெளிக்கோடுகளைச் சாய்த்துவிட்டு, உள்ளே கல்வரிசைகளைத் தரைக்கு இணையாகப் போட்டுவிடுவார்கள். கோபுரம் சாய்ந்தால் வரிசையும் சேர்ந்தே சாயும். வாயிலிலும் அப்படித்தான்: இரண்டு பாதிகளின் வரிசைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் ஏறி இறங்கி இருக்கும். முதலில் பென்சிலால் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நான்கு வரிசைக் கோடுகள் போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது சுவரின் கனம். அட்டையைக் கிழித்த மாதிரி மெல்லிசாக வரைந்தால் கோட்டையின் பாரமே போய்விடும். வெளிப்பக்கம் செதுக்கிய கல், உள்ளே சாந்தில் புதைத்த உருவமற்ற சுண்ணாம்புக்கல் துண்டுகள். உடைந்த இடத்தில் இந்த உள்பகுதி தெரியும். முகப்புக்குச் சீரான வரிசை, உடைந்த வாய்க்குக் குட்டையான, திசை மாறும் கீறல்கள். இந்த ஒரு வித்தியாசத்தைக் காட்டினாலே போதும், சுவருக்குக் கனம் வந்துவிடும்.

ஜன்னல்களை எல்லாம் கறுப்பால் அடைக்காதீர்கள். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோர்ஃபின் பெரிய நடுக் கோபுரத்துக்கு இப்போது கூரை இல்லை. பல திறப்புகள் வழியே வானம்தான் தெரியும்; அங்கே வெறும் தாளை விட்டுவிட வேண்டும். பின்னால் சுவர் இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு.

கல்லைக் கல்லாக எண்ணி வரைவதும் வேண்டாம். கோர்ஃபின் சுண்ணாம்புக்கல் வெளிறிய நிறம். வெயில் படும் பக்கத்தில் நாலைந்து கல்லின் ஓரத்தைத் தொட்டுவிட்டு நிறுத்துங்கள், குறுக்குக்கோடுகளை நிழலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மையில் இருட்டைக் கூட்டலாம், போன வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

பொருள்கள் பற்றிச் சுருக்கமாக: அரக்குச் சேர்ந்த இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும், அது தொட்டு எழுதும் நிப்புக்கு உரியது. மேலே வாட்டர்கலர் பூசுவதாக இருந்தால், நீரில் கரையாத மைதானா என்று ஓரத்தாளில் தண்ணீர் தொட்டுப் பார்த்துவிடுங்கள். மை நன்றாகக் காயும் முன் ரப்பர் போடாதீர்கள். அடர்ந்த நிழல் பகுதிதான் கடைசியில் காயும்.