வெள்ளியங்கிரி ஏறுபவர்கள் முதல் மலையிலேயே செய்யும் தவறு

கோவை அருகே ஏழு மலைகளை ஏறிச் சிவனை வணங்கும் தலம் வெள்ளியங்கிரி. பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலையின் சுயம்பு லிங்கம் வரை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். இந்தக் கணக்கை நம்பித்தான் கோவைக்கு வருகிற பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்த ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும்.

முதல் மலை முழுக்கப் படிக்கட்டு. ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். இரவில் கூட்டத்தோடு கூட்டமாக, "சிவ சிவா" என்ற உற்சாகத்தில் இளைஞர்கள் ஓட்டமாக ஏறுவார்கள். முதல் மலையின் முடிவில் இருக்கும் வெள்ளை விநாயகர் கோயிலை எட்டுவதற்குள் பாதிப் பேர் ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு திணறினால் வேகம் அதிகம். 2024 பருவத்தில் இந்த மலையில் பக்தர்கள் பலர் உயிரிழந்தார்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. நெஞ்சு இறுகினால், அது எந்த மலையாக இருந்தாலும், உடனே உட்கார்ந்து உதவி கேளுங்கள்.

அடுத்த தவறு வியர்வையில் தொடங்குகிறது. படிகளில் நனைந்த சட்டையோடு மேலே போகிறோம். மரங்கள் குறைந்து புல்வெளி வந்ததும் காற்று நேராக உடம்பில் அறைகிறது. அடிவாரத்தில் புழுங்கியதால் போர்வையை வண்டியிலேயே விட்டுவந்தவர்கள், விடியலுக்கு முன் பாறை மறைவில் பல் கிட்டிக்க ஒண்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாற்றுச் சட்டை ஒன்றும் காதை மூடும் துணி ஒன்றும் கட்டாயம். ஆண்டி சுனையில் குளிப்பது பலருக்கு வேண்டுதல்தான். ஆனால் நடுங்கிக்கொண்டிருக்கும் உடம்போடு அந்த நீரில் இறங்காதீர்கள். தலையில் தெளித்துக்கொண்டாலே போதும் என்பது என் எண்ணம்.

வனத்துறை வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதிக்கிறது. மற்ற மாதங்களில் திருட்டுத்தனமாக ஏறுவது மழைக்கும் வழுக்கலுக்கும் யானைக்கும் நடுவே போய் நிற்பது.

மூங்கில் தடி வேண்டாம் என்பவர்கள் இறங்கும்போதுதான் வருந்துகிறார்கள். தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வையுங்கள். முழங்காலுக்குப் போகும் அடியில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொள்ளும். சூரிய உதயம் பார்த்த பிறகு உச்சியிலேயே நேரம் கழித்தால், முதல் மலையின் படிகளை உச்சிவெயிலில் இறங்க நேரும்.

இறங்கியதும் கார் சாவியை எடுக்காதீர்கள். இரவு முழுவதும் தூங்காத கண்கள் அவை. அடிவாரத்திலேயே இரண்டு மணி நேரம் படுத்து எழுந்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.