போட்டது ஏன் கிடைக்கவில்லை? ஜாவா ஹேஷ்மேப், முதலிலிருந்து

ஒரு தியேட்டரில் எந்த இருக்கை யாருக்கு என்று குறித்து வைக்கும் சின்ன நிரலை எழுதிப் பார்ப்போம். ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய வேல்யூவைத் திருப்பித் தரும் அமைப்புதான் மேப்; ஹேஷ்மேப் அதில் ஒரு வகை. இங்கே இருக்கைதான் கீ, பெயர்தான் வேல்யூ.

முதலில் மேப்பை உருவாக்குங்கள். இப்போதைக்கு கீ, வேல்யூ இரண்டுமே ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர். மாறியின் வகையை மேப் என்று எழுதி, வலப்பக்கம் மட்டும் நியூ ஹேஷ்மேப் போடுங்கள். சேர்த்த வரிசை அப்படியே வேண்டுமென்றால் பின்னால் அந்த ஒரே இடத்தில் லிங்க்டு ஹேஷ்மேப் என்று மாற்றினால் போதும்.

அடுத்து புட். "ஏ12"க்கு "கமலா" என்று போடுங்கள். அப்புறம் அதே "ஏ12"க்கு "ரவி" என்று போட்டால் ஜாவா எந்தப் பிழையும் காட்டாது. கமலாவின் இருக்கை சத்தமில்லாமல் போய்விடும். இங்கே சரியானது புட் இஃப் ஆப்சென்ட்: இடம் காலியாக இருந்தால் மட்டுமே எழுதும்.

எடுப்பதற்கு கெட். இல்லாத கீயைக் கேட்டால் நல் (null), அதாவது 'எதுவுமில்லை', வரும். அதன் மேல் எந்த மெத்தடை அழைத்தாலும் நிரல் விழுந்துவிடும். கெட் ஆர் டிஃபால்ட்டில் "காலி" என்று கொடுத்துவிடுங்கள். புட் இஃப் ஆப்சென்ட், கெட் ஆர் டிஃபால்ட் இரண்டும் 2014இல் வந்த ஜாவா 8 முதல் உண்டு.

சரி, இனிமேல்தான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ஸ்ட்ரிங்குக்குப் பதிலாக, வரிசை, எண் என இரண்டு ஃபீல்டுகளோடு 'இருக்கை' என்று சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதுங்கள். ஏ, 12 என்று ஒரு ஆப்ஜெக்ட் செய்து, அதைக் கீயாக வைத்து "கமலா" என்று மேப்பில் போடுங்கள். பிறகு ஏ, 12 என்றே இன்னொன்று செய்து கெட்டில் கொடுங்கள். நல் வரும். மேப்பின் சைஸைக் கேட்டால் 1 என்கிறது, ஆனால் ஆளைக் காணோம்!

காரணம் இதுதான். ஹேஷ்மேப்புக்குள் தொடக்கத்தில் 16 பெட்டிகள். கீயிலிருந்து ஒரு எண்ணைத் தரும் ஹேஷ்கோட் மெத்தட்தான் எந்தப் பெட்டி என்று தீர்மானிக்கிறது; பெட்டிக்குள் ஆளை உறுதிசெய்வது, இரண்டு கீகள் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தட். நாம் எழுதிய கிளாஸில் இவை இரண்டும் இல்லாததால், எல்லா கிளாஸுக்கும் அடிப்படையான ஜாவாவின் 'ஆப்ஜெக்ட்' கிளாஸிலிருந்து வந்தவையே வேலை செய்கின்றன. அந்த ஈக்வல்ஸுக்கு, ஒரே ஆப்ஜெக்டாக இருந்தால்தான் சமம். உள்ளே இருக்கும் ஏ, 12 அதன் கண்ணில் படாது.

ஆகவே வரிசை, எண் இரண்டையும் வைத்து ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் போதாது: ஈக்வல்ஸ் மட்டும் இருந்தால் தேடல் பெரும்பாலும் வேறு பெட்டிக்குப் போய்விடும், ஹேஷ்கோட் மட்டும் இருந்தால் சரியான பெட்டிக்குப் போயும் ஆளைத் தெரியாமல் திரும்பிவிடும்.

மேப்பில் போட்ட பிறகு அந்த ஆப்ஜெக்டின் எண்ணை 13 என்று மாற்றினாலும் இதே கதைதான். அது பழைய பெட்டியிலேயே கிடக்கும், தேடல் புதிய எண்ணை வைத்து நடக்கும். அதனால் இரண்டு ஃபீல்டுகளையும் ஃபைனல், அதாவது பின்னால் மாற்ற முடியாதவை, ஆக்கிவிடுங்கள்.

ஜாவா 16 அல்லது அதற்குப் பிந்தையது உங்களிடம் இருந்தால், இருக்கையை கிளாஸாக இல்லாமல் ரெக்கார்டாக ஒரே வரியில் அறிவியுங்கள். ஈக்வல்ஸ், ஹேஷ்கோட், ஃபைனல் மூன்றும் தானாகவே வந்துவிடும். மறுபடி ஏ, 12 என்று கேட்டுப் பாருங்கள், கமலா கிடைப்பார்.