வயதைப் பிறந்த தேதியாக்கும் முன்: ஆஸ்பத்திரி மென்பொருளை மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கப் எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஃபாக்ஸ்புரோவிலும் விஷுவல் பேசிக் 6-லும் ஓடும் பழைய மென்பொருளை மாற்ற சென்னை நர்சிங் ஹோம்களுக்குள் நுழையும் புதியவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வயதிலிருந்து பிறந்த தேதி

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பழைய மென்பொருளில் பெரும்பாலும் பிறந்த தேதி இருக்காது. பதிவு செய்த அன்றைய வயதுதான் இருக்கும். புதியதோ தேதி இல்லாமல் சேவ் ஆகாது. உடனே நடப்பு ஆண்டிலிருந்து வயதைக் கழித்து, ஜனவரி 1 என்று போட்டுவிடுகிறார்கள். வடபழனிப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில், 2009-ல் 52 வயதென்று பதிந்த அம்மாவுக்கு 2025-லும் 52 வயது. பதிந்த ஆண்டிலிருந்து கழித்திருக்க வேண்டும்.

"பில் சரியாத்தானே சார் வருது?" என்றார் அதைச் செய்த தம்பி. பில் வரும். ஆனால் ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவை வைத்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கணக்கிடும்போது வயதும் சேர்கிறது. வயது 16 குறைந்தால், அதைக் கணக்கிடும் 2021-இன் சி.கே.டி.-எபி சூத்திரம் சிறுநீரகத்தைச் சுமார் 10 சதவீதம் நன்றாகக் காட்டும். இ.ஜி.எஃப்.ஆர். 28 இருக்க வேண்டியவருக்குத் திரையில் ஏறக்குறைய 31. முப்பதுக்குக் கீழே சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் கூடாது. இவருக்கோ எச்சரிக்கையே வராது.

சரியாகக் கழித்தாலும் அது உத்தேசம்தான். கவுன்ட்டரில் "ஒரு அம்பதுன்னு போட்டுக்கப்பா" என்று சொல்லிப் பதிந்த வயதுகள் அவை. 45, 50, 60 என்று குவிந்து கிடக்கும். மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஃபயர் (FHIR) தரநிலையில் ஆண்டை மட்டும், 1957 என்று, பதிய இடமிருக்கிறது. மாதத்தையும் நாளையும் கற்பனை செய்யாதீர்கள். 'உத்தேசம்' என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை வரும்போது கவுன்ட்டரில் கேட்டுத் திருத்தட்டும். பழைய பதிவை 14 இலக்க ஆபா (ABHA) என்னும் தேசிய சுகாதாரக் கணக்கு எண்ணோடு இணைக்கும்போதும் பிறந்த ஆண்டை ஒப்பிடுவார்கள். அங்கேயும் இந்தப் பொய் இடிக்கும்.

இனிஷியல்

எஸ். முருகனும் முருகன் எஸ்-ஸும் ஒரே ஆளாக இருக்கலாம், வேறு வேறாகவும் இருக்கலாம். பெயரை மட்டும் பார்த்து இரண்டு பதிவுகளை ஒன்றாக்காதீர்கள். 'எஸ்'ஸைக் குடும்பப் பெயராக்கவும் வேண்டாம்.

பழைய எழுத்துரு

பழைய தமிழ்ப் பதிவு டிஸ்கி, டாப், பாமினி ஆகிய எழுத்து முறைகளில் எதில் இருக்கிறது என்று பார்த்தபிறகே யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

லேப் ரிசல்ட்

எண்ணோடு அலகையும் கொண்டுவாருங்கள்.

ரிமார்க்ஸ் கட்டம்

தூக்கி எறியாதீர்கள். அலர்ஜிக்குத் தனி இடம் இல்லாத மென்பொருளில் பெனிசிலின் ஒவ்வாமையை நர்ஸ்கள் அதில்தான் எழுதியிருப்பார்கள்.